இரண்டு காதுக்கு இரண்டு பாட்டு: யாழ்ப்பாணத்தில் டிஜே பழக நினைப்பவருக்கு

கொக்குவிலிலோ கோண்டாவிலிலோ ஒரு சாமத்தியவீட்டு மண்டபத்தில், பந்தி முடிந்து கதிரைகள் சுவரோரம் ஒதுக்கப்பட்ட பிறகு, மேடையின் மூலையில் வெள்ளைத் துணி விரித்த மேசைக்குப் பின்னால் நிற்கும் இளைஞனைக் கவனித்திருப்பீர்கள். அவனுடைய ஒரு காதை ஹெட்போன் மூடியிருக்கும், மற்றக் காது திறந்திருக்கும். சபை ஆடிக்கொண்டிருக்கும் பாட்டு ஒன்று, அவன் மூடிய காதில் கேட்டுக்கொண்டிருக்கும் பாட்டு வேறொன்று. இடையில் ஒரு மாமி வந்து, "தம்பி, பழைய பைலாப் பாட்டு ஒண்டு போடுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போகிறார். அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே தலையாட்டுகிறான். அந்தப் பாட்டைத் தேடி எடுத்து, அதன் வேகத்தை ஓடிக்கொண்டிருக்கும் பாட்டின் வேகத்தோடு பொருத்தி, ஆடுபவர்களின் கால் தடுமாறாதபடி உள்ளே கொண்டுவர அவனுக்கு இருப்பது ஏறத்தாழ ஒரு நிமிடம்.

அவனைச் சுற்றி நிற்கும் பெடியள் கேட்கும் முதற்கேள்வி பெரும்பாலும் "அண்ணை, இது என்ன மெசின், எவ்வளவு முடியும்?" என்பதாகத்தான் இருக்கும். கேள்வியில் பிழையில்லை, ஆனால் அது மூன்றாவதாக வரவேண்டிய கேள்வி. முதலாவது, ஒரே நேரத்தில் இரண்டு பாட்டுகளை இரண்டு வெவ்வேறு வழிகளில் கேட்க என்னிடம் என்ன ஏற்பாடு இருக்கிறது என்பது. இரண்டாவது, என்னிடம் இருக்கும் பாட்டுகள் எவை, அவற்றை எவ்வளவு தூரம் எனக்குத் தெரியும் என்பது. இவ்விரண்டுக்கும் விடை கிடைத்துவிட்டால் எந்தக் கருவி என்பது பெரும்பாலும் கைக்காசின் அளவைப் பொறுத்துத் தானாகவே முடிவாகிவிடும். இரண்டுக்கும் விடையில்லாமல் கருவியை மட்டும் வாங்கியவர்களின் பெட்டிகள்தான் சில மாதங்களில் பாவித்த பொருள் விளம்பரங்களில் "புதிது போன்றது" என்ற குறிப்போடு வருகின்றன.

டிஜே என்ற சொல் எங்களிடையே இரண்டு பொருளில் வழங்குகிறது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சிலருக்கு அது பெரிய ஸ்பீக்கர்ப் பெட்டிகளையும் வண்ண விளக்குகளையும் வாடகைக்குக் கொண்டுவந்து இறக்குபவர், வேறு சிலருக்குப் பாட்டுகளைத் தெரிந்தெடுத்து ஒன்றோடொன்று இணைத்து ஒலிக்கவிடுபவர். இக்கட்டுரை இரண்டாமவரைப் பற்றியது. ஸ்பீக்கரும் அம்பிளிபயரும் சவுண்ட்ஸ்காரரிடம் இருக்கின்றன, தொடக்கத்தில் அவற்றில் ஒரு சதமும் முடக்கத் தேவையில்லை.

வந்த வழியைச் சற்றுப் பார்த்தால் கருவிகளின் உருவம் ஏன் இப்படி இருக்கிறது என்பது விளங்கும். 1972இல் டெக்னிக்ஸ் கொம்பனி வெளியிட்ட எஸ்எல்-1200 என்ற இசைத்தட்டுச் சுழலி, மோட்டார் தட்டை நேரடியாகச் சுழற்றும் அமைப்பினாலும், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியினாலும் டிஜேக்களின் கைக்குரிய கருவியாயிற்று. 2001இல் பயனியர் வெளியிட்ட சிடிஜே-1000, இறுவட்டையும் அதேபோலக் கையால் முன்னும் பின்னும் தள்ளிப் பிடிக்கலாம் என்று காட்டியது. அதே காலப்பகுதியில் கணினியிலுள்ள பாட்டுக் கோப்பை விசேட குறியீடு பதித்த இசைத்தட்டால் இயக்கும் முறைகளும் வந்தன. இன்று கடைகளில் கிடைக்கும், மடிக்கணினியோடு இணைத்து இயக்கும் கொன்ட்ரோலர் இவையெல்லாம் சுருங்கி ஒரு தட்டுக்குள் வந்த வடிவம். இரு பக்கமும் இருக்கும் வட்டங்கள் பழைய இசைத்தட்டுகளின் நினைவு, நடுவில் இருப்பது இரண்டு ஒலிகளையும் கலக்கும் பழைய மிக்சர். எங்களூர் ஒலிபெருக்கிச் சேவைக்காரர் பேனையைக் கொழுவிக் கசற்றைச் சுற்றி, பல்லவி தொடங்கும் இடத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு காத்திருந்தாரே, அவர் செய்ததும் இதே வேலையின் ஒரு பாதிதான். 90களில் மின்சாரமில்லாத குடாநாட்டில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றிப் பாட்டுக் கேட்டவர்களுக்கு, சுற்றும் கை தளர்ந்தால் பாட்டின் வேகமும் தளர்கிறது என்பதை யாரும் விளக்கிச் சொல்லியிருக்கத் தேவையில்லை.

இனி அந்த இரண்டு வழிகள். ஒரு சாதாரண மடிக்கணினியில் ஒலி வெளியேற ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. அதில் ஹெட்போனைச் செருகினால் சபைக்குப் பாட்டில்லை, சபையின் வயரைச் செருகினால் உங்கள் காதுக்கு ஒன்றுமில்லை. கொன்ட்ரோலருக்குள் இருக்கும் ஒலி அட்டை இந்த ஒரு வழியை இரண்டாக்குகிறது. ஒன்று சபைக்குப் போகும் பிரதான வழி, மற்றது ஹெட்போனுக்கு வரும் முன்கேட்பு வழி. ஒவ்வொரு பக்கத்திலும் ஹெட்போன் படம் போட்ட சிறிய பொத்தானொன்று இருக்கும். அதை அழுத்தினால் அந்தப் பக்கத்துப் பாட்டு சபைக்குத் தெரியாமல் உங்கள் காதுக்கு மட்டும் வரும். அடுத்த பாட்டின் முதலடியை, அதாவது தாளத்தின் முதல் தட்டைப் பிடித்து, வேகத்தை ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் கையால் மெல்லத் தள்ளிச் சரிசெய்வதெல்லாம் இந்தப் பொத்தானுக்குப் பின்னால்தான் நடக்கின்றன. ஒரு கருவியில் இது இல்லையென்றால் மற்ற எல்லா விளக்குகளும் பொத்தான்களும் இருந்தும் அது விளையாட்டுச் சாமான்தான்.

கொன்ட்ரோலர் வாங்க வழியில்லாத காலத்தில் இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. இடது, வலது என்று இரண்டாகப் பிரியும் ஒரு சிறிய வயரைச் செருகி, இடப்பக்கத்தைச் சபைக்கும் வலப்பக்கத்தைக் காதுக்கும் ஒதுக்கிவிடலாம். சில மென்பொருள்களில் இதற்கென்றே ஓர் அமைப்பு இருக்கிறது. நான் தொடங்கியதும் அப்படித்தான். மச்சாளின் மகனுடைய பிறந்தநாளன்று வயரை மாறிச் செருகிவிட்டு, நான் பாட்டுத் தேடித் தேடிக் கேட்ட துண்டுகளையெல்லாம் சபையைக் கேட்க வைத்தேன். கேக் வெட்டும் நேரத்தில் அரை விநாடிக்கு ஒரு பாட்டாகப் பதினைந்து பாட்டுகள் போயின. அதன் பிறகு இன்றுவரை செருகும் முனைகளில் நிற நாடா சுற்றாமல் நான் வீட்டைவிட்டு வெளிக்கிட்டதில்லை.

தொடக்கக்காரருக்குத் தேவை இரண்டு பாட்டுக்கான இரண்டு பக்கங்கள், நடுவில் ஒவ்வொன்றுக்கும் தாழ், நடு, உச்ச ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் மூன்று திருகிகள், முன்கேட்புப் பொத்தான், போதிய நீளமுள்ள வேக நெம்பு ஆகியவை மட்டுமே. நான்கு பக்கமுள்ள கருவி இன்னும் இரண்டு பாட்டைக் குழப்புவதற்கே உதவும். பயனியரின் டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4, ஹெர்குலிஸ் இன்பல்ஸ் வரிசை, நியூமார்க் மிக்ஸ்ட்ராக் வரிசை ஆகியன இந்த அளவுக்குள் வருகின்றன. முதலில் சொன்னது வெளிவந்தபோது வெளிநாட்டுச் சந்தையில் சுமார் 300 அமெரிக்க டொலர், இங்கே அதன் விலை இறக்குமதி வரியையும் நாணய மாற்றையும் பொறுத்து நாளுக்கொன்றாக இருக்கும். கனடாவிலிருந்தோ பிரான்சிலிருந்தோ ஊருக்கு வரும் சித்தப்பாவின் பெட்டியில் கிடந்து வருவதும் உண்டு. அப்படி வருமானால் உத்தரவாத அட்டை இங்கே செல்லாது என்பதை முன்கூட்டியே மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

பாவித்த கருவி வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் உங்கள் சொந்த மடிக்கணினியையும் ஹெட்போனையும் கொண்டுபோய் அரை மணி நேரமாவது இயக்கிப் பார்க்காமல் காசை எண்ணிக் கொடுக்கக் கூடாது. ஒலி நெம்புகளை மிக மெதுவாக மேலும் கீழும் நகர்த்தும்போது கரகரப்புக் கேட்கிறதா, ஹெட்போன் துளையில் செருகியை ஆட்டினால் ஒரு பக்கம் விட்டுவிட்டுக் கேட்கிறதா, யுஎஸ்பி வயரைத் தொட்டாலே இணைப்பு அறுகிறதா என்று பார்க்க வேண்டும். கடற்காற்றின் உப்பும் செம்மண் தூசியும் இந்த மூன்று இடங்களைத்தான் முதலில் தாக்குகின்றன. அத்தோடு, அந்த மொடலுக்கான மென்பொருளை உற்பத்தியாளர் இப்போதைய விண்டோஸுக்கும் மெக்குக்கும் இன்னும் வழங்குகிறாரா என்பதையும் அவருடைய தளத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். உடல் நன்றாக இருந்தும் மென்பொருள் கைவிட்ட கருவிகள் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் அதுதான்.

மென்பொருளைப் பற்றி நீண்ட விவாதங்கள் நடக்கின்றன, அவ்வளவு நீளத்துக்கு அதில் விடயமில்லை. ரெக்கோட்பொக்ஸ், செராட்டோ, ட்ராக்டர், வேர்ச்சுவல் டிஜே ஆகிய நான்கும் அடிப்படை வேலையைச் செம்மையாகவே செய்கின்றன. பெரும்பாலும் கருவியோடு சேர்ந்தே இவற்றில் ஒன்று வரும், அதையே பழகுவது புத்தி. காசு கொடுக்காமல் தொடங்க விரும்புபவர்களுக்கு மிக்ஸ் என்ற திறந்த மூல மென்பொருள் இருக்கிறது. அது லினக்ஸிலும் ஓடும், உங்கள் பயிற்சியைப் பதிவும் செய்து தரும். செராட்டோவின் இலவசப் பதிப்பில் பதிவு வசதி இல்லை என்பது தொடக்கக்காரருக்கு ஒரு குறைதான், ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

மடிக்கணினி அண்மைக் காலத்ததாகவும், 8 ஜிபி நினைவகமும் எஸ்எஸ்டி வட்டும் உள்ளதாகவும் இருந்தால் போதும். நிகழ்ச்சிக்குப் போகுமுன் வைஃபையையும் தானாக நடக்கும் புதுப்பித்தலையும் நிறுத்திவிட வேண்டும், தாலி கட்டி முடிந்த கையோடு மண்டபம் முழுக்க வட்ஸ்அப் "டிங்" ஒலித்த அனுபவம் பலருக்கு உண்டு. கணினி ஒலியைச் சிறு சிறு பொதிகளாகத்தான் வெளியே அனுப்புகிறது. விநாடிக்கு 44,100 மாதிரிகள் என்ற கணக்கில் 256 மாதிரி கொண்ட பொதியென்றால் தாமதம் ஏறத்தாழ 6 மில்லிவிநாடி, 1024 என்றால் 23. பொதி சிறிதானால் கைக்கும் காதுக்கும் இடைவெளி தெரியாது, ஆனால் வேகம் குறைந்த கணினி மூச்சுவாங்கி ஒலியை வெட்டும். வெட்டாத அளவில் ஆகச் சிறியதைத் தெரிந்துகொள்வதுதான் முறை. விண்டோஸில் கருவியோடு வரும், ஒலித் தாமதத்தைக் குறைக்கும் ஏஎஸ்ஐஓ இயக்கியை நிறுவாமல் இதில் முன்னேற முடியாது.

ஹெட்போனில் மட்டும் கஞ்சத்தனம் காட்ட வேண்டாம். காதை முழுதாக மூடுவதாக, ஒரு பக்கக் கிண்ணத்தைத் திருப்பிவிடக் கூடியதாக, வயர் உள்ளதாக இருக்க வேண்டும். புளூடூத் ஹெட்போன் இந்த வேலைக்கு உதவாது. நிமிடத்துக்கு 120 அடி போகும் பாட்டில் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே அரை விநாடிதான் இருக்கிறது, புளூடூத் அதில் ஒரு பெரிய துண்டைத் தாமதத்திலேயே தின்றுவிடும்.

இதே தாமதம் இன்னொரு உருவத்தில் மண்டபத்திலும் காத்திருக்கிறது. ஒலி காற்றில் விநாடிக்கு ஏறத்தாழ 340 மீற்றர்தான் போகிறது. சவுண்ட்ஸ்காரர் பெட்டிகளை வாசற் பக்கமாக வைத்து, உங்களை 10 மீற்றர் தள்ளி மேடை மூலையில் நிறுத்தினால், சபைப் பாட்டு உங்கள் திறந்த காதுக்கு 29 மில்லிவிநாடி பிந்தி வருகிறது. ஹெட்போனில் வரும் பாட்டோ உடனே வருகிறது. நீங்கள் இரண்டையும் காதால் சரியாகப் பொருத்துகிறீர்கள், சபையில் "தம்" என்று ஒன்றாக விழவேண்டிய அடி "த-தம்" என்று விழுகிறது. வீட்டில் நன்றாக வாசித்தவர் மண்டபத்தில் தடுமாறுவதற்கு பதற்றத்தைவிட இதுவே காரணமாக இருப்பதைப் பலதடவை கண்டிருக்கிறேன். மேசைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஸ்பீக்கரை உங்களை நோக்கி வைத்துத் தரும்படி கேளுங்கள். கேட்டால் தருவார்கள், ஆனால் கேட்க வேண்டும் என்றே பலருக்குத் தெரிவதில்லை.

மின்சாரத்தைப் பற்றி எங்களூரில் தனியாகப் பேசவேண்டியிருக்கிறது. 2022இன் முற்பகுதியில் நாடளாவிய மின்வெட்டு ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. இப்போது அந்த நிலை இல்லை என்றாலும் மண்டபத்தில் கரண்ட் போவதும் ஜெனரேட்டர் எடுப்பதும் புதினமல்ல. ஆகவே தனி மின்செருகி தேவைப்படாமல் மடிக்கணினியின் யுஎஸ்பியிலிருந்தே மின் எடுக்கும் கொன்ட்ரோலர் இங்கே பெரிய உதவி. விளக்கு அணைந்தாலும் கணினியும் கருவியும் உயிரோடிருக்கும். அந்த நேரத்தில் பிரதான ஒலியை அடிவரை இறக்கிவிட்டு நிற்க வேண்டும், இல்லையென்றால் அம்பிளிபயர் மீண்டும் உயிர்பெறும் கணத்தில் பாட்டின் நடுத்துண்டு வெடித்துக்கொண்டு வரும். சார்ஜரைச் செருகியவுடன் ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்ற இரைச்சல் தொடங்கி, கழற்றியவுடன் நின்றால், அது நிலத்தொடுப்பு இரண்டு வழியாகச் சுற்றுவதால் வருவது. செருகியின் நிலமுனையை முறித்துவிடும் வைத்தியம் எங்களிடையே நடமாடுகிறது, அது உயிருக்கே ஆபத்தானது. சவுண்ட்ஸ்காரரிடம் அந்தச் சுற்றை அறுத்து ஒலியை மட்டும் கடத்தும் டிஐ பெட்டி இருந்தால் இடையில் கொழுவலாம், இல்லையென்றால் பற்றரியில் ஓடவிடலாம்.

கருவியைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான். பாட்டு என்று வரும்போதுதான் இந்த வேலையின் கனம் தெரிகிறது, ஏனென்றால் மேற்சொன்ன மென்பொருள்கள் எல்லாம் வேறொரு இசையை மனதில் வைத்து எழுதப்பட்டவை. மேலைநாட்டு நடனக்கூடப் பாட்டு நான்கு நான்காக எண்ணும் தாளத்தில், கணினி இயந்திரம் போட்ட மாறாத வேகத்தில், தொடக்கத்திலும் முடிவிலும் வெறும் தாளம் மட்டும் 32 அடிக்கு ஓடும்படி, அதாவது இன்னொரு பாட்டோடு இணைப்பதற்கென்றே செய்யப்படுகிறது. எங்கள் சபை கேட்கும் பாட்டு அப்படியல்ல. வயலின்கள் தாளமில்லாமல் எழுந்து, ஒரு புல்லாங்குழல் வந்து, பிறகு திடீரென்று பல்லவி தொடங்கும். எங்கே இணைப்பது?

முதலில் வேகம். இசைக்கலைஞர்கள் ஒன்றாக இருந்து வாசித்துப் பதிவான பழைய திரைப்பாட்டுகளில் வேகம் மெல்ல அசையும். பல்லவியில் 118ஆக இருந்தது கடைசிச் சரணத்தில் 121ஆக இருக்கலாம். அது குறையல்ல, அந்தப் பாட்டின் உயிர் பாதி அதில்தான் இருக்கிறது. மென்பொருளோ அடிகள் விழும் இடங்களைக் குறிக்கும் கட்டக்கோட்டைப் பாட்டு முழுவதற்கும் ஒரே வேகத்தில் போட்டுவிடுகிறது. கட்டக்கோடு நிமிடத்துக்கு ஓர் அடி பிழைத்தால், அரை நிமிடத்தில் அரை அடி விலகி இரண்டு பாட்டும் ஒன்றையொன்று உதைக்கத் தொடங்கும். அந்த நேரத்தில், கட்டக்கோட்டை நம்பி வேகத்தைத் தானாகப் பொருத்தும் ஒத்திசைவுப் பொத்தானை அழுத்தினால் பிழை இன்னும் உறுதியாகும். சில மென்பொருள்களில் அசையும் வேகத்துக்கேற்பக் கட்டம் போடும் தெரிவு இருக்கிறது. அதைவிட நம்பிக்கையானது, வெளியேறவேண்டிய இடத்தில் நான்கு அடியை மட்டும் வளையமாகச் சுற்றவிட்டு, அந்த உறுதியான வேகத்தின்மேல் அடுத்த பாட்டைக் கொண்டுவருவது.

இரண்டாவது நடை. பைலாவை எடுத்துக்கொள்ளுங்கள். போர்த்துக்கேயரோடு இந்தத் தீவுக்கு வந்த ஆபிரிக்க வம்சாவளிக் காப்பிரி மக்களின் இசையிலிருந்து வளர்ந்து, கரையோரச் சிங்களப் பாட்டாகி, எங்களுடைய ஈழத்துப் பொப் பாட்டுகளுக்குள்ளும் புகுந்து, 1904 முதல் யாழ் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் ஆடிவரும் பெருஞ்சமர் போன்ற துடுப்பாட்டங்களில் பாண்ட் வாத்தியமாகவும் முழங்கும் அந்தத் தாளம் திசிர நடையில் போவது. "தகிட தகிட" என்று சொல்லிப் பார்த்தால் உடனே பிடிபடும். சபை ஒவ்வொரு "த"விலும் கைதட்டி, நிமிடத்துக்கு 120 தட்டு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் நிமிடத்துக்கு 360 எழுத்துகள். மென்பொருளுக்கு மூன்று மூன்றாக எண்ணும் பழக்கமில்லாததால் அது இரண்டிரண்டாக வெட்டி 180 என்றோ, நான்கு நான்காக வெட்டி 90 என்றோ திரையில் காட்டும். இந்தக் காரணத்தால்தான் மாமி கேட்ட பைலாவை 90 என்று நம்பி இன்னொரு 90 வேகப் பாட்டோடு ஒட்டப்போய்ப் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். செய்யவேண்டியது, ஓய்வான நேரத்தில் இத்தகைய பாட்டுகளைக் கையால் தட்டி எண்ணி, திரையிலுள்ள எண்ணைத் திருத்திவைப்பது. தவிற்சமாக்களை விடிய விடிய நின்று கேட்ட ஊரில் பிறந்தவர்களுக்கு, தகிடவையும் தகதிமியையும் காதால் பிரித்தறிவது கடினமாக இருக்கக் கூடாது, நாங்கள் திரையைப் பார்க்கத் தொடங்கியதும்தான் காதை மறந்துவிடுகிறோம்.

மூன்றாவது இணைக்கும் இடம். ஒடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பாட்டைத் திறந்து, இடையிசையில் தாளம் தெளிவாகக் கேட்கும் நான்கு அடியை வெட்டி, எட்டுத்தடவை ஒட்டினால் 32 அடிக்கு ஒரு முன்வாசல் கிடைக்கும். அதைப் பல்லவிக்கு முன்னால் வைத்துச் சேமித்துக்கொண்டால், எந்தப் பழைய பாட்டையும் மற்றப் பாட்டின் மேல் மெதுவாக ஏற்றலாம். ஒரு பாட்டுக்கு அரை மணித்தியாலம் பிடிக்கும் வேலை. அண்மைய மென்பொருள்கள் குரலையும் தாளத்தையும் ஓடும்போதே பிரித்துத் தருகின்றன, அவை பயனுள்ளவை, ஆனால் தவிலும் மிருதங்கமும் சேர்ந்த பதிவுகளில் குரலோடு தாளத்தின் எச்சங்களும் ஒட்டிக்கொண்டு வருவதைக் கேட்கலாம்.

சுருதி பொருத்துவது பற்றியும் ஒரு வார்த்தை. மென்பொருள் ஒவ்வொரு பாட்டுக்கும் சுருதியைக் கணித்து, மேலைநாட்டு முறைப்படி மேஜர், மைனர் என்று இரண்டு கூட்டில் அடைக்கிறது. கரகரப்பிரியாவில் அமைந்த பாட்டையும் நடபைரவியில் அமைந்த பாட்டையும் அது ஒரே மைனர் என்று சொல்லும், இரண்டுக்கும் தைவதம் வேறு. ஒன்றின்மேல் ஒன்று ஒலிக்கும்போது அந்த ஒரு சுரத்தில் பல் கூசும். ஆகவே குரலின்மேல் குரல் விழவிடாமல், தாளத்தின்மேல் மட்டும் இணைப்பது எங்கள் பாட்டுகளுக்குப் பாதுகாப்பானது.

பாட்டுகளை எங்கே பெறுவது என்ற கேள்விக்கு, யூரியூப்பிலிருந்து இறக்குகிறோம் என்பதே பொதுவான பதில். கைத்தொலைபேசியில் கேட்கும்வரை அதில் குறை தெரியாது. குறைந்த தரத்தில் சுருக்கப்பட்ட கோப்புகளில் ஏறத்தாழ 16 கிலோஹேர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலிகள் வெட்டப்பட்டிருக்கும், மிஞ்சியவற்றிலும் சல்லாரியும் ஜால்ராவும் நீரில் நனைந்ததுபோலக் கேட்கும். மண்டபத்தின் 15 அங்குல ஸ்பீக்கரில் அது அப்பட்டமாகத் தெரியும். அதை 320 கிலோபிட் தரத்துக்கு மாற்றிச் சேமித்தால் கோப்புத்தான் பெருக்கும், போன ஒலி திரும்பாது. ஸ்பெக் என்ற சிறிய இலவசச் செயலியில் கோப்பைப் போட்டால் எந்த உயரத்தில் வெட்டப்பட்டிருக்கிறது என்பது படமாகவே தெரிந்துவிடும். உண்மையான 320 கிலோபிட் எம்பி3 நான்கு நிமிடப் பாட்டுக்கு ஏறத்தாழ 10 எம்பி வரும், சுருக்காத வேவ் கோப்பு 42 எம்பி. ஆயிரம் நல்ல எம்பி3 பாட்டுகள் ஒரு 16 ஜிபி பென்ரைவில் அடங்கிவிடும் என்றால், இடப்பஞ்சத்தைக் காரணம் சொல்ல முடியாது.

மின்னிசைக்கு 2004 முதல் இருக்கும் பீட்போர்ட், கலைஞரிடமிருந்து கிட்டத்தட்ட நேரடியாகவே வாங்க 2008 முதல் இருக்கும் பாண்ட்காம்ப் ஆகியவை தரமான கோப்பைத் தருகின்றன, ஒரு பாட்டுக்கு ஒன்றிரண்டு டொலர். வங்கி அட்டையில் வெளிநாட்டுக் கொடுப்பனவு திறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் மீண்டும் அந்தச் சித்தப்பாதான். பழைய பாட்டுகளுக்கு வீட்டு அலுமாரியிலும் பழைய கசற் கடைகளிலும் கிடக்கும் அசல் இறுவட்டுகள் பொன், கணினியில் வாசிக்கும் கருவியொன்றை இரவல் வாங்கி முழுத் தரத்தில் இறக்கிவிடலாம். இங்கேயும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் பாட்டுச் செய்யும் எங்கள் இளம் கலைஞர்களிடம் நேரடியாகக் கேட்பது பலர் நினைக்காத வழி. ஒலிக்கவிடுகிறேன் என்று மரியாதையாக எழுதிக் கேட்டால், வேவ் கோப்பையும் குரலில்லாத வடிவத்தையும் அனுப்பிவைப்பவர்கள் இருக்கிறார்கள். இணையவழியில் ஓடவிடும் சந்தாச் சேவைகளை வீட்டில் பாட்டுத் தேடப் பாவிக்கலாம், மண்டபத்தின் சிக்னலை நம்பி ஒரு கலியாணத்தை ஒப்புக்கொள்வது துணிச்சல். சட்டத்தைப் பொறுத்தவரை, 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் பாட்டைப் பொதுவில் ஒலிக்கச் செய்வதும் உரிமையாளருக்குரிய உரிமைகளுள் ஒன்று. கோப்பை விலைக்கு வாங்கியதாலேயே அது உங்களுக்கு வந்துவிடுவதில்லை, மண்டபத்தோடும் ஏற்பாட்டாளரோடும் இதைப் பேசித் தெளிந்துகொள்ள வேண்டும்.

சேர்த்த பாட்டைத் தேடி எடுப்பது இன்னொரு பாடு. மழை என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் ஒருவர் இசட்-எச் போட்டும், இன்னொருவர் வெறும் இசட் போட்டும், மூன்றாமவர் எல் போட்டு மலையாக்கியும் எழுதியிருப்பார். கோப்பின் தலைப்பில் பாட்டின் பெயருக்குப் பதிலாக இறக்கிய தளத்தின் பெயர் இருக்கும். மாமி நிற்கிறார், பாட்டு முடிய முப்பது விநாடி இருக்கிறது, தேடற்பெட்டி ஒன்றுமில்லை என்கிறது. ஆகவே ஒரே எழுத்துமுறையைத் தெரிந்துகொண்டு, பாட்டைச் சேர்க்கும் அன்றே பெயரைத் திருத்திவிட வேண்டும். தமிழில் எழுதினால் இன்னும் நல்லது, ஆனால் எல்லாக் கருவிகளின் திரையிலும் தமிழெழுத்து ஒழுங்காக விழும் என்று நம்பிவிடக் கூடாது. வகை என்ற கட்டத்தில் "குத்து", "மெலடி" என்பதைவிட "மாப்பிள்ளை வரவு", "பந்தி நேரம்", "பிள்ளையள்", "கடைசி அரைமணி" என்று எழுதிவைப்பதே எனக்கு உதவியிருக்கிறது. தொகை பெரிதல்ல. முதல் ஆண்டுக்கு இருநூறு பாட்டு, ஒவ்வொன்றிலும் குரல் எங்கே நிற்கிறது, தாளம் எங்கே தனியாக வருகிறது என்பது கண்ணை மூடினாலும் தெரிந்த இருநூறு, தெரியாத இருபதினாயிரத்தைவிடப் போதுமானது.

ஒலியளவில் கவனம் வேண்டும். பழைய பாட்டுகள் தாழ்ந்தும் புதியவை உரத்தும் பதிவாகியிருப்பதால் ஒவ்வொன்றுக்கும் உள்வரவுத் திருகியைச் சரிசெய்து, சிவப்பு விளக்கு எரியாதபடி பார்க்க வேண்டும். 85 டெசிபலை எட்டு மணித்தியாலம் தாங்கும் காதுக்கு 100 டெசிபலில் 15 நிமிடமே பாதுகாப்பான அளவு என்பது தொழிற்சுகாதாரக் கணக்கு. அத்தோடு 2007இல் உயர்நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையில் ஒலிபெருக்கி அனுமதி விசேட காரணமின்றி வழங்கப்படுவதில்லை. நிகழ்ச்சி நிரலில் நடனம் ஒன்பதரைக்கு என்று போட்டிருந்தால், அரைமணிக்குரிய பாட்டுகளோடு மட்டும் போங்கள்.

பதிவு வசதியைப் பற்றி முன்னர் சொன்னேன். ஒவ்வொரு கிழமையும் அரை மணி நேரம் வீட்டில் வாசித்துப் பதிவுசெய்து, அன்றே கேட்காமல் இரண்டு மூன்று நாள் கழித்து, பருத்தித்துறை பஸ்ஸில் யன்னலோரம் இருந்து கேளுங்கள். கைகள் சும்மா இருக்கும்போதுதான் காது வேலை செய்யும். என்னுடைய முதற்பதிவில் ஒன்பதாவது நிமிடத்தில் இரண்டு தாளமும் முட்டிக்கொண்ட இடத்தில், எனக்கு முன்னால் இருந்த கிழவருக்கு ஹெட்போனிலிருந்து கசிந்தது கேட்டிருக்க வேண்டும். திரும்பிப் பார்த்து, "தம்பி, ரண்டு பாட்டு ஒண்டாப் பாடுது, ஒண்டை நிப்பாட்டும்" என்றார்.